கடை வாசலில் ஓர் உறுப்பினர்

கமருன்னிசாவை நல்ல மனசுக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, 'அன்பால் வென்ற அம்மா' என்று மைக்கில் பேசினார்கள். பின்னால் அதே வாசகத்தோடு பேனர் வேறு. அன்பாவது மண்ணாங்கட்டியாவது. அவள் பழி வாங்கினாள். சட்டப்படி, அவசரப்படாமல், வெயிலில் உட்கார்ந்தபடியே வாங்கினாள். பக்கத்தில் பூண்டுக் கூடையோடு உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தவள் நான்.

என் பெயர் சகாயராணி. வீடு பொன்மலையில். காந்தி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் பூண்டும் இஞ்சியும் விற்கிறேன். எனக்கு இடது பக்கம் கமருன்னிசாவின் வாழை இலைக் கட்டுகள். எங்களுக்கு எதிரே சுப்புராமனின் கடை. பேப்பர் தட்டு, பேப்பர் டம்ளர், அப்புறம் வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பேப்பர் இலை, இதெல்லாம் அங்கே மொத்த வியாபாரம். சந்தின் கடைக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். பேப்பர் இலைக்காரருக்கு எதிரே நிஜ இலைக்காரி உட்கார்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கமரு பாலக்கரையில் பிறந்தவள். அவள் புருஷன் அப்துல் அஹத் சவுதி அரேபியாவின் தமாமில் டிரைவராக இருந்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தார். பளு தூக்க முடியாது என்பதால் இலை வியாபாரம் பிடித்தார். விடியற்காலை பஸ்ஸில் ஜீயபுரம் போய்த் தோட்டத்தில் நின்று இலை வாங்கி வருவார். அவர் மௌத்தான பிறகு, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்ததும் கமருவே அந்த பஸ்ஸில் ஏறினாள். பொம்பளை ரோட்டில் உட்காருவதா என்று புருஷனின் அண்ணன் நஸ்ருல்லா வந்து சத்தம் போட்டார். "அரிசி அனுப்பிடுங்க, நான் வீட்டுலயே உக்காந்துக்கறேன்" என்றாள். அரிசி வரவில்லை. மகள் மெஹ்ரீன் கல்யாணத்துக்குச் சொந்தம் முழுக்கப் பத்திரிகை போனது, நஸ்ருல்லா வீட்டைத் தவிர. அவர் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டபோது, "அரிசி வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், மறந்துட்டேன்" என்றாளாம். அவள் சுபாவம் அது.

அவளுக்கு ஆதாரமாக இருந்த வாடிக்கை ஸ்ரீரங்கத்து லக்ஷ்மணன். விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர். போன வருஷத்துக்கு முந்தின வைகுண்ட ஏகாதசி அன்று, மறுநாளைக்கான இலைக்குச் சொல்ல வந்தார். "நாளைக்கு துவாதசி பாரணை. ததீயாராதனப் பந்திக்கு அடியார்கள் நிறைய எழுந்தருளுவா. இலையிலே ஒரு கிழிசல் இருக்கப்படாது, கேட்டேளா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கமரு அத்தனையும் தலைவாழை இலையாகப் பொறுக்கிக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

சாயங்காலம் சுப்புராமன் கடையில் வாசல் கழுவினார்கள். வாசல் கழுவுகிறவன் வாசலைக் கழுவ வேண்டியதுதானே. கடை ஆள் பக்கெட்டோடு சந்தைத் தாண்டி வந்து, பினாயில் தண்ணீரைக் கட்டுகளின் மேல் அப்படியே கவிழ்த்தான். சாப்பிடுகிற இலையில் பினாயில். நான் கெட்ட வார்த்தையில் கத்தினேன். கமரு கத்தவில்லை. நேராகக் கடைப் படிக்குப் போய், "ஏன் முதலாளி?" என்று கேட்டாள்.

அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரோட்டைக் கழுவுறோம். ரோட்டுல வெச்சா அப்படித்தான் ஆகும். வேணும்னா மோந்து பாத்து வித்துக்க."

லக்ஷ்மணன் வந்து ஓர் இலையைத் தூக்கினார், முகத்தைச் சுளித்துக் கீழே போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து வேறு இடத்தில் இலை எடுக்க ஆரம்பித்துவிட்டார். கமரு பினாயில் இலைகளை மாட்டுக்குக்கூடப் போட முடியாமல் குப்பைத் தொட்டியில் திணித்தாள். திணித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அத்தோடு விட்டாரா அந்த மனிதர்? எங்களை மொத்தமாகக் கிளப்ப வழி பார்த்தார். தெரு வியாபாரிகளுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. எந்தத் தெருவில் விற்கலாம், எதில் கூடாது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல நகர விற்பனைக் குழு என்று ஒன்று வைக்க வேண்டும். அதில் அதிகாரி, போலீஸ், கடைக்காரர் சங்கம் எல்லாம் இருக்கலாம். ஆனால் பத்துப் பேரில் நாலு பேராவது தெருவில் விற்கிறவர்களாக இருக்க வேண்டும். அவர்களை நாங்களே ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, சிறுபான்மை, மாற்றுத்திறனாளி என்று அவரவருக்கும் இடம் தர வேண்டும். ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

தேர்தலுக்கு முந்தின நாள் சங்கத்து ஆள் ஒருவன் சந்தில் வந்து, தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்களும் நம்பி அவரவர் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் வேறு யாரும் போய்ப் பேர் கொடுக்காததால் நாலு பேர் போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டார்கள். நாலும் சுப்புராமன் ஆள். சிறுபான்மைக்கு அவர் கடைக் கணக்குப்பிள்ளை ஷேக் தாவூது. பட்டியல் சாதிக்கு அவர் லோடுமேன். மாற்றுத்திறனாளிக்குக் கால் விந்தி நடக்கும் அவர் குடோன் வாட்ச்மேன். பெண்ணுக்கு அவர் செத்துப்போன தம்பியின் மனைவி மட்டுவார்குழலி. கல்யாணப் பந்திபோல எல்லாப் பதார்த்தமும் இருந்தது, பரிமாறினது மட்டும் ஒரே கை. நாலு பேருக்கும் தெரு வியாபாரி என்று கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார்.

இங்கேதான் அந்த மனிதர் கடைக்காரப் புத்தியைக் காட்டினார். கார்டு என்றால் உட்காரும் இடம் எது என்று சொல்ல வேண்டும். வேறு யாருடைய வாசலையோ சொன்னால் சண்டை வரும். தன் கடை வாசலை யாரும் பிடித்துவிடக் கூடாது என்பது எந்தக் கடைக்காரருக்கும் ரத்தத்தில் ஊறினது. அதனால் மட்டுவார்குழலியின் இடமாகத் தன் கடை வாசலையே எழுதிக் கொடுத்தார். ரோட்டில் அவர் அடுக்கி வைத்திருந்த தட்டுக் கட்டுகளுக்கும் அதில் பாதுகாப்பு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இனிமே நம்ம வாசல்ல எவனும் கை வைக்க முடியாது, கார்டே போட்டாச்சு" என்று பெருமை வேறு. கமரு இலையைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் சந்தை விற்பனை கூடாத தெருவாக அறிவிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், மன்னார்புரத்தில் இருக்கும் வக்கீல் ஜோஸ்வினிடம் போனோம். ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் அவரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். சின்ன வயசு, நல்ல பொண்ணு.

"நாலு கார்டையும் ரத்து பண்ணச் சொல்லிக் கேஸ் போடலாம்க்கா. ஜெயிக்கலாம். ஆனா இழுக்கும்" என்றார்.

"ரத்து பண்ணா அவரு இன்னொரு சொந்தக்காரியக் கொண்டாந்து நிறுத்துவாரு" என்றாள் கமரு. "கார்டு வாங்கினவங்க என்னம்மா செய்யணும், சட்டத்துல?"

"தானே உக்காந்து விக்கணும். இல்லேன்னா குடும்பத்துல ஒருத்தர். வேற பொழப்பு இருக்கக் கூடாது."

"அப்ப உக்காரச் சொல்லுங்க. அந்தம்மா அவங்க வாசல்ல உக்காந்து விக்கட்டும். அதுக்கு ஒரு மனு எழுதுங்க."

"மத்த மூணு பேருக்கும் சேத்து எழுதட்டுமா?"

"வேணாம். மொதல்ல அவரு வீட்டுப் பொம்பள."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்னடி கமரு, எதிரிக்கு எடம் பிடிச்சுக் குடுக்கறே?"

"பொம்பள ரோட்டுல உக்காந்தா எப்படி இருக்கும்னு அவரு வீட்டுக்கும் தெரியட்டும் ராணி. சித்திரை வெயில் வருதுல்ல" என்றாள். அவள் முகத்தில் ஒரு துளி இரக்கம் இல்லை. எனக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிற ரகம்.

மனு போனது. அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும், சுப்புராமன் மட்டுவார்குழலியை ஆட்டோவில் கூட்டி வந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். முன்னால் பேப்பர் தட்டு. வந்த அதிகாரி விவரமானவர். "கடைச் சரக்கைக் கடை வாசல்ல வெச்சா அது கடை நீட்டிப்பு. இவங்க சொந்தமா என்ன விக்கிறாங்க?" என்றார். நாளைக்கு மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஷேக் தாவூது அவசர அவசரமாகச் சந்தைக் கடந்து எங்களிடம் வந்தார். கைக்கு எட்டினது கமருவின் இலைக் கட்டு. "ஒரு கட்டு குடும்மா" என்றார். கமரு மறுபேச்சுப் பேசாமல் நல்ல கட்டாக எடுத்துக் கொடுத்தாள். பேப்பர் இலைக் கடை வாசலில் நிஜ இலை போய் உட்கார்ந்தது.

அதிகாரி வந்தார், பார்த்தார், போனார். ஆனால் எப்போது வருவார் என்று தெரியாதே. ஜோஸ்வின் மூலமாகக் கமரு விடாமல் மனு போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அந்தம்மா வரவில்லை என்றால் அன்றைக்கே புகார். இந்தத் தெருவை மூடும் வரைக்குமாவது உறுப்பினர் பதவி தங்க வேண்டும் என்பதால், சுப்புராமனுக்கு வேறு வழியில்லை. குழலி தினமும் வந்தாள். முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மெம்பர் மேடம், வெயில் சுகமா இருக்குதா?" என்று கமரு இங்கிருந்து குரல் கொடுப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் அழுத நாளும் உண்டு. எங்களுக்கு அது தித்தித்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் எதிரே உட்கார்ந்தால் எல்லாம் கண்ணில் படுகிறது. புருஷன் போனதிலிருந்து அந்த வீட்டில் சமையலும் பாத்திரமும் குழலிதான். கடையில் புருஷனுக்குப் பங்கு உண்டு. கேட்டால், "பங்கு எங்க போகுது, பத்திரமா இருக்கு" என்று மச்சாண்டார் சொல்வாராம். தலைவலி மாத்திரைக்குக்கூட அவரிடம் கை நீட்ட வேண்டும். இலை விற்ற காசை அவள் மடியில் வைத்திருப்பாள். கடை மூடும்போது ஷேக் தாவூது வந்து வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு நாள் அப்படி வாங்கிப் போனதும் கமரு எழுந்து சந்தைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கார்டு உன் பேருல. வெயில் உன் தலையில. காசு மட்டும் அவரு பெட்டியிலயா? நீ என்னடி, மெம்பரா உண்டியலா?"

குழலி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு யாருக்கா இருக்காங்க?" என்றாள்.

"எனக்கு யாரு இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டு இவள் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் தாவூது கை நீட்டியபோது, "நாளைக்குச் சரக்கு எடுக்கணும் பாய்" என்று குழலி காசை மடியிலேயே முடிந்துகொண்டாள். சுப்புராமன் உள்ளிருந்து பார்த்தார், ஆனால் வாசலில் வைத்துச் சத்தம் போட முடியாது. அவள் தெரு வியாபாரி என்று ஊரெல்லாம் சொன்னவரே அவர்தானே. அடுத்த வாரத்திலிருந்து குழலி கமருவோடு ஜீயபுரம் பஸ்ஸில் போனாள். முகத்தை மூடுவது நின்றது. கூவி விற்கக்கூடக் கற்றுக்கொண்டாள்.

"அவ மேல உனக்குப் பாவம் வந்துடுச்சாடி?" என்று கேட்டேன்.

"பாவமா? அவரு கையை எடுத்து அவரு கன்னத்துலயே அறையணும் ராணி. அதுக்கு அந்தக் கை நல்லா இருக்கணும்ல" என்றாள் கமரு.

ஆனி மாதம் குழு கூடியது. எங்கள் சந்தில் விற்பனையை மூடுவதுதான் அன்றைய விஷயம். மூடினால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. கமருவுக்கு ஜீயபுரமும் இல்லை, பாலக்கரை வாடகை வீடும் இல்லை. மனு கொடுத்தவர்கள் என்பதால் எங்கள் இருவரையும் சுவர் ஓரம் உட்கார விட்டார்கள். சுப்புராமன் சங்கத்துக்காரர்கள் வரிசையில், வெள்ளைச் சட்டையில், தலை எண்ணி முடித்த நிம்மதியோடு இருந்தார்.

தலைவர் நாற்காலியில் இருந்த அதிகாரி, வியாபாரிப் பிரதிநிதிகளை ஒவ்வொருவராகக் கேட்டார். ஷேக் தாவூது தரையைப் பார்த்தபடி, "சம்மதங்க" என்றார். லோடுமேனும் வாட்ச்மேனும் அதையே சொன்னார்கள். குழலி எழுந்தாள்.

"நான் சம்மதிக்கலீங்க."

"குழலி, உக்காரு" என்றார் சுப்புராமன்.

"உறுப்பினர் பேசட்டும்" என்றார் அதிகாரி.

"நான் இலை விக்கிறேங்க. மொதல்ல விக்கல. எங்க மச்சாண்டார்தான் விக்கிறதா எழுதி கார்டு வாங்கினாரு. இப்ப நெசமாவே விக்கிறேன். இவங்க மூணு பேரும் இன்னும் அவரு கடையில சம்பளம் வாங்குறாங்க. தெருவுல விக்கிறவங்களுக்கு இந்தத் தேர்தல் நடந்ததே தெரியாது, நாளைத் தள்ளி வெச்சாச்சுன்னு அவரு ஆள்தான் போய்ச் சொன்னாரு. இந்த நாலு பேரை வெச்சு எங்க சந்தை மூடாதீங்க."

எங்கள் சந்து என்று சொன்னாளே, அப்போது கமரு என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். சுப்புராமன் எழுந்து, அவளுக்குப் புத்தி சரியில்லை என்றார். "அப்படின்னா இவங்களை எதுக்கு உறுப்பினரா முன்மொழிஞ்சீங்க?" என்று ஜோஸ்வின் கேட்டார். மனிதர் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தீர்மானம் அன்றைக்கே கைவிடப்பட்டது. விசாரணை வந்தது, நாலு இடமும் காலியாயிற்று, மறுபடி தேர்தல் வைத்தார்கள். இந்தத் தடவை கூடைக்காரர், தள்ளுவண்டிக்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் போய் நின்று ஓட்டுப் போட்டோம். கமருன்னிசா உறுப்பினரானாள்.

குழலியின் துணிமணி, குழு கூடிய அன்று ராத்திரியே தெருவுக்கு வந்தது. அவள் இப்போது என் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறாள், பங்கு கேட்டு ஜோஸ்வின் மூலம் நோட்டீஸும் விட்டிருக்கிறாள். ஆனால் கார்டு அப்படியே இருக்கிறது. தினமும் உட்கார்ந்து விற்கிறவளை எடுக்க முடியுமா? அந்த இடத்தை மாற்றச் சொல்லி சுப்புராமன் எழுதிக் கொடுத்தார். அது குழுவுக்கு வந்தது. "எடம் வேணும்னு கேட்டு எழுதினதே முதலாளிதானே. அப்ப எழுதினது பொய்யான்னு அவரையே கேளுங்க" என்றாளாம் கமரு. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பேப்பர் இலை வாங்க வருகிறவர்கள் அவர் வாசலிலேயே நிஜ இலையைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். லக்ஷ்மணன்கூடத் திரும்பி வந்துவிட்டார்.

நல்ல மனசுக்காரி என்று சொல்கிறவர்களுக்கு, இனிமேல் சொல்லப்போவதுதான் என் பதில்.

இந்த மகாளய அமாவாசைக்கு முன்னால் பெருங்காற்று அடித்து ஜீயபுரத்துத் தோட்டங்களில் இலையெல்லாம் நார் நாராகிவிட்டது. மார்க்கெட் முழுக்க இலை இல்லை. அமாவாசை அன்று குழலியிடம் இருந்தது விடிந்ததுமே தீர்ந்துபோனது. எங்கெங்கோ அலைந்து கமரு மட்டும் கொஞ்சம் முழு இலை கொண்டு வந்திருந்தாள். சுப்புராமன் வீட்டில் அன்று அப்பாவுக்குத் திதி. பித்ருக்களுக்குப் பேப்பர் இலையில் படைக்க முடியுமா? ஷேக் தாவூதை அனுப்பினார். "முதலாளி வந்தா தரேன் பாய்" என்றாள் கமரு. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார், குளித்த ஈரத் தலையோடு.

கமரு அவசரமில்லாமல் ஓர் இலையை உருவினாள். கிழிசல் இல்லாத தலைவாழை இலை. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை.

"மோந்து பாத்து வாங்கிக்குங்க முதலாளி. ரோட்டுல வெச்ச இலை."

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே, அவர் கடை வாசலிலிருந்து குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புராமன் குனிந்து முகர்ந்தார்.

"என்ன வாடை?"

"இலை வாடைதான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

இலையை விட்டாள். காசை வாங்கி, சில்லறை சரியாகத் திருப்பிக் கொடுத்தாள். அவர் போய்க் கடைப்படி ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திதி வருசா வருசம் வரும்ல ராணி?" என்றாள்.